சராசரியாருக்கு ஒரு நாற்காலி

சட்டத்தில் ஓர் ஆள் இருக்கிறார். அவருக்குப் பேர் கிடையாது, ஊர் கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆனால் கண்டுபிடிப்பு உரிமைக்கான பேட்டன்ட் வழக்கு நடக்கிற கோர்ட்டில் அவரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. ஒருவர் ஒரு பொருளைக் கண்டுபிடித்தேன் என்று வந்து நின்றால், அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஓர் ஆளுக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா என்று சட்டம் கேட்கும். தோன்றியிருக்கும் என்றால் அது கண்டுபிடிப்பே இல்லை, பேட்டன்ட் செல்லாது. அந்த ஆள் உலகத்தில் அச்சான எல்லாவற்றையும் படித்தவர், படித்த எதையும் மறக்காதவர். புதிதாக ஒன்றையும் யோசிக்க மாட்டார். எதைப் பார்த்தும் ஆச்சரியப்பட மாட்டார். இப்படி ஒருவரோடு டல்லாஸ் வரை காரில் போகச் சொன்னால் எவரும் பாதி வழியில் இறங்கி நடந்துவிடுவார்கள்.

டல்லாஸுக்குக் கிழக்கே மார்ஷல் ஊரில், கோர்ட்டுக்கு எதிர்த்த தெருவில், ரொவீனா ஸ்டக்கியின் வக்கீல் அலுவலகத்தில் இந்த ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் சராசரியார். அலுவலகத்தை ஆண்டுகொண்டிருந்த நெட்ரா, வழக்கு நடக்கும் நாட்களில் எல்லாருக்கும் புகையில் வெந்த மாட்டிறைச்சி வரவழைக்கும்போது, அவருக்கும் ஒரு தட்டு வைப்பாள். "நம்ம ஆபீஸ்ல குறை சொல்லாம சாப்பிடறவர் இவர் ஒருத்தர்தான்" என்பாள். பிறகு அந்தத் தட்டையும் அவளே வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

ரொவீனா பிறவி வக்கீல் அல்ல. பக்கத்து ஊரான லாங்வியூவில் ஒரு கம்ப்ரசர் தொழிற்சாலையில் வால்வு வடிவமைக்கும் இன்ஜினியராக இருந்தவள். அவள் பெயரிலேயே இரண்டு பேட்டன்டுகள் உண்டு. கம்பெனியின் வழக்கொன்றில் சாட்சி சொல்ல மார்ஷலுக்கு வந்தபோது, அவளைக் கேள்வி கேட்ட வக்கீலுக்கு வால்வில் காற்று எந்தப் பக்கம் நுழைகிறது என்பதே தெரியவில்லை. சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் பாடம் எடுத்தாள். ஜூரி வாய்விட்டுச் சிரித்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கணவன் ஆர்லிஸ், "அப்ப நீயே அந்தப் பக்கம் நின்னு கேளேன் ரோ. அந்த மடையனுக்குக் குடுக்கற காசு நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றான். விளையாட்டுக்குச் சொன்னதுதான். அடுத்த வருடமே அவள் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் உடைத்த பேட்டன்டுகளுக்குக் கணக்கில்லை. எதிர்த்தரப்புக்கு வேர்த்துக் கொட்டும். அவள் செய்கிற முறை எளிமையானது. அந்தப் பொருளுக்கு முன்னால் வந்த பழைய தாள்களையெல்லாம் படித்துவிட்டு, தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, இது உங்களுக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்பாள். ஆரம்பத்தில் அது வெறும் யோசிக்கும் உத்தி. பதில் அவள் மண்டைக்குள்ளிருந்துதான் வரும்.

ஒரு பம்ப் வழக்கில்தான் அது மாறியது. அவள் கேட்டாள், பதில் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. வயது தெரியாத, ஏற்ற இறக்கமில்லாத குரல். போலந்து நாட்டுப் பழைய பால்பண்ணை இதழொன்றில், வெண்ணெய் பிரிக்கும் எந்திரத்தின் வளையத்தைப் பார்க்கவும் என்றது. அப்படியொரு இதழ் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆள் வைத்துத் தேடினாள், இருந்தது. சொன்ன பக்கத்தில் சொன்ன வளையம் இருந்தது.

அவளுக்கு அப்போது பயம் வரவில்லை என்பதுதான் பயங்கரம். வழக்கில் ஜெயித்த குஷியில் இருந்தாள். ஆர்லிஸிடம் மட்டும் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, டல்லாஸ் கால்பந்து அணி இந்த வருஷமாவது ஜெயிக்குமா என்று அவரிடம் கேட்டுவரச் சொன்னான். அவளும் போய்க் கேட்டாள். "இதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால், இல்லை" என்று பதில் வந்தது. அதை அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

ஆர்லிஸ் பள்ளிக்கூடத்தில் இசைக்குழு நடத்துகிறவன். சிரிப்பதற்கென்றே பிறந்தவன். அவன் சிரித்தால் தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், பக்கத்தில் இருக்கிறவனுக்கு விஷயமே தெரியாமல் சிரிப்பு வரும். அவனுக்குத்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுக்காகக் கழுத்தில் ஒரு துளையும், பேச்சுக்காக அதற்குள்ளே ஒரு சின்னக் குழாயும் வைத்தார்கள். பேச வேண்டுமானால் அந்தத் துளையை விரலால் அடைக்க வேண்டும். ஒரு கை எப்போதும் கழுத்திலேயே இருந்தால் இசைக்குழுவை எந்தக் கையால் நடத்துவது?

விரல் வேண்டாம், பேசும்போது தானாக மூடிக்கொள்கிற சின்ன வால்வுகள் கடையில் இருக்கின்றன. ஆனால் அவை ஆர்லிஸ் மாதிரி ஆளை நினைத்துச் செய்தவை அல்ல. அவன் சிரித்தால் உள்ளிருந்து வரும் காற்றின் வேகத்தில் வால்வு கழன்று பறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய விருந்தில், போதகர் மனைவியின் குழம்புக் கிண்ணத்தில் போய் விழுந்தது. எல்லாரும் உறைந்து போனார்கள். அவன் நிதானமாகக் கழுத்தில் விரலை வைத்து, "ரோ, இதுக்கு ஒரு பேட்டன்ட் எடுத்துடு" என்றான். அப்புறம் மேசையே சிரித்தது.

ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அவன், இந்த வருடப் பள்ளிக் கால்பந்து விழாவோடு வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னான். பிள்ளைகளுக்கு முழு ஆள் வேண்டும், அரை ஆள் போதாது என்றான். ரொவீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாரு? வால்வுக்காரி. நீ எவ்வளவு சிரிச்சாலும் கழலாத ஒண்ணை நானே பண்ணித் தர்றேன். அதுவரைக்கும் வேலையை விடாத" என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்குதான் அவளைத் தின்றது. வார இறுதிகளில் கார் நிறுத்தும் கொட்டகையில், பழைய வேலைப் பலகைக்கு முன்னால் பென்சிலோடு உட்காருவாள். கோடு ஒன்று இழுத்ததுமே அது ஏற்கெனவே இருக்கிற ஒன்றாக மாறிவிடும். இது ஸ்வீடனில் வந்துவிட்டது, இது ஒரு ஜப்பான்காரன் போட்டது, இது இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது. இருபது வருடம் மற்றவர்களுடைய கண்டுபிடிப்பைப் பார்த்து இதில் என்ன புதுசு என்று கேட்டுக் கேட்டு, அவளுடைய கையே அவளை அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. காகிதம் காகிதமாகக் கசக்கிப் போட்டாள். தன்னிடம் இருந்த ஒன்று போய்விட்டது, எப்போது போனது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஓஸெல் பிக்கெட்டின் வழக்கு வந்தது. ஓஸெல் கோழி வளர்க்கிறவர். கோழி கொத்தினால் ஒரு சொட்டு மட்டும் விழுந்து, உடனே நின்றுவிடுகிற தண்ணீர்க் குழாய் வால்வு ஒன்றைச் செய்து பேட்டன்ட் வாங்கியிருந்தார். பெரிய பண்ணைச் சாமான் கம்பெனி ஒன்று அதையே போட்டு விற்றது. ரொவீனா அந்தக் கம்பெனிக்காக நின்றாள்.

வழக்கம்போல நாற்காலியிடம் கேட்டாள். வழக்கம்போல பதில் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று, முயல் கூண்டுத் தண்ணீர்ப் புட்டி ஒன்று, இரண்டையும் சேர்த்தால் ஓஸெலின் வால்வு. ஜூரிக்கு முன்னால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். காட்டிய பிறகு எல்லாருக்கும் அது முன்னமே தெரிந்த மாதிரிதான் இருந்தது. மதியத்துக்குள் ஓஸெலின் பேட்டன்ட் செத்துப்போனது.

கோர்ட்டு நடைவழியில் ஓஸெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். அவர் கோபமாக வரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? இந்த ஆளு, எல்லாந் தெரிஞ்சவருன்னு சொன்னீங்களே. எனக்கு அது சரியா வந்த அன்னிக்கு, கோழிக் கொட்டாயிலயே உக்காந்து சிரிச்சேன். என் சம்சாரம் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சா. அவரும் அப்படிச் சிரிச்சிருப்பாரா?"

அவர் மாட்டார் என்று ரொவீனா சொன்னாள்.

"அப்ப அவரு அதைக் கண்டுபிடிக்கல. பாத்திருக்காரு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஓஸெல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அவளுக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாக இருந்தது. தோற்றுப்போனவரைப் பார்த்துப் பொறாமைப்படுவது அவளுக்கே அசிங்கமாகப்பட்டது. நெட்ராவும் மற்றவர்களும் வெற்றிக்காகச் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் மட்டும் அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னலில் நல்ல வெயில். நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். சொந்த விஷயத்துக்காக அவரைக் கேட்பதில்லை என்று அதுவரை வைத்திருந்தாள். ஆனால் விழா நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் ஒன்றும் இல்லை.

ஆர்லிஸின் வால்வைப் பற்றிக் கேட்டாள். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் திருப்பிக் கேட்டார்.

"தீர்க்க வேண்டிய பிரச்சினை என்ன? துல்லியமாகச் சொல்லவும்."

ரொவீனா யோசித்தாள். ஒரு சொல் தளர்வாக இருந்தால் அதில் விரலை விட்டு வழக்கையே பிளந்துவிடுகிறவள் அவள். இறுக்கமாகவே சொன்னாள். என் கணவர் பேசினாலும் இருமினாலும் சிரித்தாலும் வால்வு கழுத்திலிருந்து கழலக் கூடாது. மனதுக்குள் இரண்டு தடவை சரி பார்த்தாள். ஓட்டை இல்லை.

"அது செய்யக் கூடியதே" என்றது குரல். அளவுகளைச் சொன்னது. எல்லாமே தெரிந்த பொருள், தெரிந்த வளையம், தெரிந்த பசை. அவள் எழுதிக்கொண்டாள். எழுந்தபோது எதிர் நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ கூடவே எழுந்த மாதிரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டகையில் வேலை தடையில்லாமல் ஓடியது. வால்வு கச்சிதமாக வந்தது. ஆனால் செய்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் ஆர்லிஸின் கழுத்தில் பொருத்தினாள். இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான். விரல் வைக்காமல், "ரோ" என்று கூப்பிட்டான். அவள் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் அவளைத் தட்டிக்கொடுத்தான், ஒழுங்காக, ஒரே வேகத்தில்.

முதல் சில நாட்கள் அவளுக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் இரண்டு கைகளாலும் இசைக்குழுவை நடத்தினான். பிள்ளைகள் ஒரு சுருதி பிசகாமல் வாசித்தார்கள். இருமினான், வால்வு அசையவில்லை. வெள்ளிக்கிழமை எல்லாருமாகக் கெளுத்தி மீன் வறுவல் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். நெட்ரா தன் மாமியார் கரடி வேஷக்காரனைக் கரடி என்று நினைத்துச் சுட்ட கதையைச் சொன்னாள். ஆர்லிஸ் நூறு தடவை கேட்டு, நூறு தடவையும் மேசையில் தலையை வைத்துச் சிரித்த கதை. இப்போது மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டு முடித்தான்.

"தூரத்தையும் வெளிச்சத்தையும் வைத்துப் பார்த்தால், அந்தத் தவறு நேரக் கூடியதே" என்றான்.

நெட்ரா ரொவீனாவைப் பார்த்தாள். "என்னங்க இவரு, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி பேசறாரு?" என்று சிரித்து மழுப்பினாள். ரொவீனா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அவன் பேசுகிற மாதிரியே அல்ல அது. அந்தப் பேச்சை அவள் வேறு இடத்தில் கேட்டிருக்கிறாள்.

இல்லை என்று தனக்குத்தானே வாதாடினாள். நோய் வந்தவன், அறுவைச் சிகிச்சை ஆனவன், மனம் சோர்ந்திருக்கும். வக்கீலுக்கு வாதம் கிடைக்காமலா போகும்.

பள்ளிக் கால்பந்து விழா அன்று மைதானம் நிரம்பியிருந்தது. தலைமை ஆசிரியை, இந்த ஊர் வழக்கப்படி, மார்பில் தாம்பாளம் அகலத்துக்குத் துணிச் செவ்வந்தி குத்தி, முழங்கால்வரை ரிப்பனும் மணியும் தொங்க, பேச எழுந்தாள். பள்ளிக்கூட அணி தன் சின்னமாக வளர்க்கிற ஆட்டுக்கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு மேடை ஏறியது. ரிப்பனில் ஆரம்பித்தது. அவள் ஒலிபெருக்கியில் கல்வியின் பெருமையை விடாமல் சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் போனாள், ஆடு தின்றுகொண்டே முன்னால் முன்னால் போனது. மைதானம் முழுக்கச் சிரித்து உருண்டது. டிரம் அடிக்கிற பெண் டிரம்மின்மேலேயே விழுந்து சிரித்தாள். ஊதுகிறவர்கள் யாராலும் ஊத முடியவில்லை.

ஆர்லிஸ் இரண்டு கைகளையும் சரியான உயரத்தில் வைத்தபடி நின்றான். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவனைப் பார்த்தார்கள். தங்கள் வாத்தியார் இப்போது தரையில் விழப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவன் விழவில்லை. முன்வரிசை முதலில் சிரிப்பை நிறுத்தியது, பிறகு அடுத்த வரிசை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ரொவீனா மட்டும், அவனையும் இழுத்துவிடலாம் என்று, சத்தமாகச் சிரித்துப் பார்த்தாள். அது நடுவிலேயே அழுகையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள். கூடத்து விளக்கைப் போட்டாள். பசை விளிம்பில் நகத்தைக் கொடுத்து, வால்வைத் தானே பிய்த்து எடுத்தாள். கழுத்தில் துளை திறந்து கிடந்தது, மூச்சு அதில் போய்வந்துகொண்டிருந்தது. விரல் வைக்காமல் அவனால் ஒரு எழுத்துகூடப் பேச முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"ஆர்லிஸ்" என்றாள். "நீதானே இது?"

அவன் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. துளையை எதுவும் மூடவில்லை.

"வால்வு கழலவில்லையே" என்றது குரல், தெளிவாக, ஏற்ற இறக்கமில்லாமல். "சிரித்தால் கழல்கிறது என்றால், தீர்வு வெளிப்படையானது. பிரச்சினையை நீங்கள்தான் சொன்னீர்கள்."

அவளுக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. தன் வாழ்க்கையிலேயே ஓட்டையில்லாமல் சொன்ன ஒரு வாக்கியம் அது. அவன் சிரிக்க வேண்டும் என்று அதில் எங்குமே சொல்லியிருக்கவில்லை. அவனுடைய கண் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் பழைய ஆர்லிஸுடையது. எங்கேயோ உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி பார்த்தது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஓடினாள். கதவைச் சாத்தி, எதிரே உட்கார்ந்து, கேட்டாள், கெஞ்சினாள், மேசையைத் தட்டினாள். பதில் இல்லை. அது வெறும் நாற்காலி. மதியம் நெட்ரா அதன் முன்னால் பழக்கதோஷத்தில் தட்டை வைத்தபோது, ரொவீனா எடுத்துவிடச் சொன்னாள்.

"ஏங்க, அவருக்கு என்ன ஆச்சு?"

"அவர் இப்ப எங்க வீட்டுல சாப்பிடறார்" என்றாள் ரொவீனா. நெட்ரா அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் ரொவீனா வழக்கு எடுக்கவில்லை. களைத்துவிட்டாள், காசு சேர்த்துவிட்டாள் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் காலையிலிருந்து கொட்டகையில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது அவள் வால்வு வரைவதில்லை. சிரிப்புக் கதை கட்டுகிறாள். அச்சான எல்லாவற்றையும் படித்தவர், எந்த இரண்டைச் சேர்த்தால் எது வரும் என்று அறிந்தவர், அவருக்கே தோன்றியிராத ஒன்று வேண்டும். அது வந்துவிட்டால் ஆர்லிஸின் தோள் குலுங்கிவிடும் என்று அவள் நம்புகிறாள். முதலில் கட்டியவை படுமோசம். இப்போது கொஞ்சம் தேவலை. சில சமயம் பென்சில் நின்று, அடுத்து என்ன வரும் என்று அவளுக்கே தெரியாத ஒரு நொடி வருகிறது. பல வருடமாக அவளுக்கு வராமலிருந்த நொடி.

வால்வை அவன் கழுத்தில் மறுபடி ஒட்டி வைத்திருக்கிறாள், சிரிப்பு வந்தால் அதில்தான் முதலில் தெரியும். தினமும் இரவுச் சாப்பாட்டில் அவனுக்கு ஒன்று சொல்கிறாள். அவன் கேட்டு முடிக்கிறான், எது எதோடு சேர்ந்து அது வந்தது என்று குரல் விளக்குகிறது. நேற்று ஒன்று சொன்னாள். விளக்க ஆரம்பித்த குரல் பாதியில் ஒரு கணம் தடைப்பட்டது. அவள் அவன் கழுத்தையே பார்த்தாள். வால்வின் விளிம்பு லேசாக மேலெழுந்தது, பிறகு மெல்லப் படிந்துவிட்டது.

இன்றைக்கு அவள் விடியும் முன்பே கொட்டகைக்குப் போய்விட்டாள்.